தலையைத் தூக்காதீங்க டீச்சர்

பனி இன்னும் விலகவில்லை. கோல்ஃப் பயிற்சித் திடலில் எஸ்தர் டீச்சர் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், காலில் கான்வாஸ் ஷூ. ஈரப் புல்லும் சீகை மரப் பட்டையும் சேர்ந்து அடிக்கிற வாசனை ஊட்டிக் காலைக்கே உரியது. டீச்சரின் மூக்கு நுனி சிவந்திருக்கிறது.

"தலையைத் தூக்காதீங்க டீச்சர்" என்கிறேன்.

"சரிங்க மிஸ்."

மட்டை மேலே போகிறது. அழகாகத்தான் போகிறது. கீழே இறங்கி வரும்போது, பந்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், தலை விருட்டென்று நிமிர்ந்துவிடுகிறது. மட்டை பந்தின் உச்சியில் தட்ட, பந்து சோம்பேறித்தனமாக உருண்டு பக்கத்துப் புல்லிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

"மறுபடியும் தூக்கிட்டீங்க."

"தூக்கலைங்களே மிஸ்."

"அப்ப நான் பாத்தது யார் தலை?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஒரே பக்கத்தில் சொல்லலாமே

போன வாரம் இந்தப் பத்தியில் மட்டையைப் பிடிக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், இத்தனை வாரம் இழுப்பானேன், கோல்ஃபின் அடிப்படைகளை ஒரே பக்கத்தில் எழுதிவிடக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக எழுதிவிடலாம். கற்றுக்கொள்ள வருகிறவர்களும் ஒரே ஆளாக இருந்துவிட்டால்.

பிடி, நிலை, சுழற்சி, தலை அசையாமை. அடிப்படை இவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு நான் எதற்கு, கைபேசியில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். என் வேலை அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. இவர் ஏன் செய்ய மாட்டேன் என்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காரணம் ஆளுக்கு ஆள் வேறு.

கேத்தியிலிருந்து பெள்ளி என்று ஒரு கேரட் விவசாயி வந்தார். சமதரையில் அவரால் நேராக நிற்க முடியாது. ஒரு முழங்கால் மடங்கியே இருக்கும். அது வியாதியோ என்று பயந்து, வீட்டு வாசல்வரை போய்ப் பார்த்தேன். அவர் தோட்டம் முழுக்கச் சரிவு. பிறந்ததிலிருந்து மேட்டுப் பக்கத்துக் காலை மடக்கியே நின்ற மனிதர். சமதரைதான் அவருக்குக் கோணல். காலுக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்து ஆரம்பித்தேன். பிறகு பாதிச் செங்கல், பிறகு ஓட்டுத் துண்டு. "ஏனுங்க, கோல்ஃபுக்கு கொத்தனார் வேலையும் வேணுமா?" என்று கேட்டபடியே கற்றுக்கொண்டார்.

குன்னூரில் வீடெடுத்துக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு தம்பிக்கு நேர் எதிர் நோய். வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் தெரியும். மட்டையைத் தூக்கும்போதே உதடு வீடியோப் பாடத்தை முணுமுணுக்கும். "உங்க மேனேஜரை நல்லாத் திட்டிக்கிட்டே அடிங்க" என்றேன். பந்து போன வேகத்தைப் பார்த்து அந்த மேனேஜருக்காக நான்தான் பரிதாபப்பட்டேன்.

இப்படி மார்தட்டுகிற எனக்கு எஸ்தர் டீச்சரின் தலை மட்டும் பிடிபடவில்லை.

எதைப் பார்த்தார்

தலையைத் தூக்குவது உலகத்தில் எல்லாரும் செய்கிற தப்பு. அடித்த பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற அவசரம். அதற்கு என்னிடம் மருந்து உண்டு. அது எதுவுமே டீச்சரிடம் பலிக்கவில்லை. எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வீட்டில் சோறு சாப்பிடும்போதும் அதையே யோசித்ததில், "நம்ம காந்தல் ஊருல இருக்கற அத்தனை பேரு தலையும் ஒழுங்கா இருக்கு, உனக்கு என்னடி ஒரு தலையப் பத்தியே கவலை?" என்று அம்மா கேட்டாள்.

ஒருநாள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு டீச்சரின் கண்ணைப் பார்த்தேன்.

வலது கைக்காரர் அடித்தால் பந்து இடப்பக்கம் போகும். டீச்சரின் கண் இடப்பக்கம் போகவே இல்லை. நேராக எதிரே போனது. எதிரே மர பெஞ்சில் அவருடைய கணவர் ராஜரத்தினம் சார் உட்கார்ந்திருந்தார். சார் அங்கேயேதான் இருக்கிறாரா என்று டீச்சர் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

இத்தனை நாளாக இந்த அம்மாளையா விரட்டிக்கொண்டிருந்தேன்?

இந்த வயசில் ஏன்

ராஜரத்தினம் சார் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மைதானத்தில் அவர் ஆட்டத்துக்குத் தனி மரியாதை. மட்டை சுழன்று முடியும் இடத்தில் ஒரு கணம் அப்படியே நிற்பார். அந்த நிற்பைப் பார்க்கவே நான் டீக் கோப்பையோடு வெளியே வந்து நிற்பேன்.

மறதி நோய் வந்து சில வருஷமாகிறது. சாப்பிட்டதை மறந்தார். வீட்டு வழியை மறந்தார். சில காலைகளில் டீச்சரை யாரோ என்று நினைத்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று மரியாதையாக விசாரிப்பார். கையும் தோளும் மட்டும் ஆட்டத்தை மறக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் பழைய நண்பர் ஒருவரோடு ஆடிவந்தார்.

ஒரு தடவை பந்தைத் தேடிக்கொண்டு சீகைக் காட்டுக்குள் போய்விட்டார். எங்கள் மைதானத்துக்கு வேலி கிடையாது. காடும் புல்லும் கலந்து கிடக்கும். காட்டுமாடு மேயும், சில நாள் கரடியும் தென்படும். அதனால் தனியாளாக யாரும் ஆடக் கூடாது என்பது பழைய விதி. சாரைத் தேடிப் போனவர்கள் பார்த்தபோது, ஒரு காட்டுமாட்டுக்கு எதிரே நின்று, "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, நான் அடிக்கணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். மாடு என்ன நினைத்ததோ, தள்ளிப் போய்விட்டது. நண்பருக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

யாரையாவது துணைக்கு அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பிப் பார்த்தோம். தன்னைக் காவல் காக்க ஒருவர் பின்னால் வருகிறார் என்பது மட்டும் சாருக்கு உடனே தெரிந்துவிடும். "எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க? நான் என்ன திருடனா?" என்று மட்டையை வீசிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கூட ஆடுகிறவர் என்றால் ஏற்றுக்கொள்வார். கூட ஆட ஆள் இல்லை.

அப்படித்தான் டீச்சர் ஒரு மத்தியானம் என் முன்னால் வந்து நின்றார்.

"எனக்குக் கோல்ஃப் கத்துக் குடுங்க மிஸ்."

"உங்களுக்கா?"

"அவரு ஆடப் போகாத வாரத்துல ஊட்டுல இருக்கறது அவரில்லைங்க. காலைலேர்ந்து வாசக் கேட்டப் புடிச்சு ஆட்டிக்கிட்டே நிப்பாரு. ஆடிட்டு வந்த அன்னிக்கு சோறு கேக்கறாரு, தூங்கறாரு. சில சமயம் எம்பேரக்கூடச் சொல்றாரு." சொல்லும்போது அவர் அழவில்லை. மஃப்ளரின் நுனியை மட்டும் சுருட்டிக்கொண்டே இருந்தார். "நான் கூட ஆடினா அவரால ஆட முடியுமில்லைங்களா?"

நான் கேப்டனிடம் ஓடினேன். கேப்டன் என்றால் பட்டாளத்து கேப்டன் இல்லை. கிளப்பில் ஆட்ட விதிகளுக்குப் பொறுப்பானவர். போஜன் என்று பெயர். புல்லை மிதித்தால்கூட விதிப்படிதான் மிதிக்க வேண்டும் என்கிற ரகம். அவர் சொன்னார்:

"பிலோ, பாவம் பாத்து யாரையும் மைதானத்துல விட முடியாது. அந்தம்மா நெசமாவே ஆடணும். மூணு குழிக்கு நானே கூட நடந்து பாப்பேன். விதி தெரிஞ்சு, மத்தவங்களுக்கு ஆபத்தில்லாம ஆடினா சரி. இல்லைன்னா சாரை நிறுத்தத்தான் வேணும். நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது.

வெள்ளை ஷூ

டீச்சரின் தலை எதற்காக நிமிர்கிறது என்று தெரிந்த பிறகு, "தூக்காதீங்க" என்று சொல்வதை நிறுத்தினேன். ஆளைக் கண்ணிலிருந்து விடாதே என்று ஒரு மனசு சொல்லும்போது, நான் யார் குறுக்கே?

வேறு வழி யோசித்தேன். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் எதிர்ப்பக்கம், பந்துக்குக் கொஞ்சம் வலப்புறம் தள்ளி, அசையாமல் நிற்பது பழைய ஆட்டக்காரர்களின் மரியாதை. சாருக்கு அது ரத்தத்தில் ஊறியது. பெஞ்சிலிருந்து எழுப்பி, "சார், டீச்சர் ஆடறாங்க" என்றேன். அவ்வளவுதான். போய்ச் சரியான இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லாமல் நின்றார்.

"டீச்சர், குனிஞ்சு பந்தைப் பாருங்க. பந்துக்கு மேலாக்க, கண்ணோரத்துல என்ன தெரியுது?"

டீச்சர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"அவரு ஷூ."

சாரின் பழைய வெள்ளை ஷூ. முந்தின நாள் நானே சுண்ணாம்பு பூசின மாதிரி பாலிஷ் போடச் சொல்லியிருந்தேன்.

"அது தெரியற வரைக்கும் அவரு எங்கயும் போகலை. தலையைத் தூக்கித்தான் பாக்கணும்னு இல்லை."

அன்றைக்கு முதல் தடவையாக டீச்சரின் பந்து மேலே எழும்பியது. பெரிய தூரமெல்லாம் இல்லை. ஆனால் எழும்பியது. டீச்சர் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சத்தமே வேற மாதிரி இருக்குதுங்க மிஸ்" என்றார். பந்தை நடுவில் அடித்தால் வருகிற அந்தச் சத்தம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் மனுஷனை விடாது. எனக்கும் அப்படித்தான் ஆனது, அது வேறு கதை.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. விதிகளை டீச்சர் ஒரு மூச்சில் கற்றுக்கொண்டார். கணக்கு டீச்சர் அல்லவா, அதில் என்னையே மடக்கினார். தூறலில் மூன்று பேரும் நனைந்துகொண்டு நிற்போம். சார் சில நாள் என்னை டீ ஃபேக்டரி ஆள் என்று நினைத்து, "இலை எப்படி வருது?" என்று கேட்பார். "நல்லா வருதுங்க சார்" என்பேன். திருப்தியாகத் தலையாட்டுவார்.

மூன்று குழி

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் கேப்டன் போஜன் வந்து நின்றார். கிளப் விதிப்படி காலர் வைத்த சட்டை வேண்டும். டீச்சர் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு எப்போதோ தனக்குக் கொடுத்த, காலர் வைத்த பச்சை டீஷர்ட்டைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரைச் சேலை தவிர வேறு உடையில் நான் பார்த்தது அன்றுதான். வெட்கத்தில் ஸ்வெட்டரை அடிக்கடி இழுத்து மூடிக்கொண்டார்.

முதல் குழியை மெதுவாக, ஆனால் தப்பில்லாமல் முடித்தார். இரண்டாவதில் பந்து மணலில் விழுந்தது. வெளியே எடுக்கச் சிரமப்பட்டார். கேப்டன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சார் பாட்டுக்குத் தன் ஆட்டத்தை ஆடினார், அந்த நிற்பு உட்பட.

மூன்றாவது குழி. டீச்சர் பந்தை வைத்துக் குனிந்தார். சார் எதிரே நின்றார். டீச்சர் மட்டையைத் தூக்கப் போகும் நேரத்தில் சார் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார். டீச்சரின் கண்ணோரத்திலிருந்து வெள்ளை ஷூ போய்விட்டது.

டீச்சர் அப்படியே உறைந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. தலையைத் தூக்கிவிடுவார், ஓடிவிடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கேப்டன் என்னைப் பார்த்தார்.

சார் எங்கும் போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்து டீச்சருக்குப் பின்னால் நின்றார்.

"இப்படி இறுக்கிப் புடிச்சா மட்டை எப்படீங்க சுத்தும்?" என்றார். "விரலைத் தளத்துங்க. யாரு உங்களுக்குக் கத்துக் குடுத்தது?"

"எங்க மிஸ்ஸுங்க" என்றார் டீச்சர், குனிந்தபடியே.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியலை. மாத்திருங்க."

எனக்குச் சுருக்கென்றது. கேப்டன் இருமுவது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிடி பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதின என்னை, ஒரே வார்த்தையில் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார் மனிதர்.

சார் கையை நீட்டி டீச்சரின் சுண்டுவிரலை மெல்ல நகர்த்தி வைத்தார். பிறகு இரண்டடி பின்வாங்கினார்.

"இப்ப அடிங்க. நீங்க நிமிர வேண்டாம். பந்து எங்க விழுதுன்னு நான் பாக்கறேன்."

டீச்சர் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டது. பந்து மேலே போய், சரிவைத் தாண்டி இறங்கியது. டீச்சர் நிமிரவில்லை. பந்து விழுந்து எத்தனையோ நேரம் ஆகியும் குனிந்தே நின்றார். தோள் குலுங்கியது. எத்தனை வருஷமாக அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

"வாங்க, எனக்கு இடம் தெரியும்" என்று சார் முன்னால் நடந்தார்.

டீச்சரின் பந்து, குட்டையாகப் புல் வெட்டிய ஃபேர்வேயின் நடுவில், வெட்ட வெளிச்சத்தில் கிடந்தது. அடையாளத்துக்கு நீல மையில் அவர் போட்ட பெருக்கல் குறி தூரத்திலிருந்தே தெரிந்தது. சார் அதைத் தாண்டிப் போனார். ஓரத்துப் புல்லைக் காலால் விலக்கி, யாரோ எப்போதோ தொலைத்த, பாசி படிந்த ஒரு பந்தின் மேல் நின்று கையை உயர்த்தினார். முகமெல்லாம் பெருமை.

"கெடச்சிருச்சுங்க. இங்க இருக்குது."

வேறொருவர் பந்தை அடிப்பது கோல்ஃபில் பெரிய தப்பு. டீச்சருக்குத் தெரியும். நான் கற்றுக் கொடுத்த விதி. கேப்டன் பக்கத்தில் நிற்கிறார் என்பதும் தெரியும். டீச்சர் தன் பந்தைப் பார்த்தார். பிறகு சாரின் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு சரியாப் பாத்திருக்கறீங்க" என்று சொல்லி, நேராகப் புல்லுக்குள் போய், அந்தப் பாசிப் பந்தை அடித்தார்.

அடித்துவிட்டுக் கேப்டனிடம் வந்தார்.

"தப்பான பந்துங்க. ரெண்டு அடி தண்டனை. விதி எனக்குத் தெரியுங்க. நீங்க எழுதிக்கோங்க."

கேப்டன் போஜன் ஃபேர்வேயில் கிடந்த நீலக்குறிப் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். குனிந்து எடுத்தார். கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு நான் பேனா கொண்டாரலைங்க டீச்சர்" என்றார்.

அந்த மனிதரை நான் அதுவரை வைத வசவுகளையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

குழியை முடித்துவிட்டு நால்வரும் நின்றோம். கேப்டன் தொப்பியைக் கழற்றி, சாரிடம் கேட்டார்: "அடுத்த வாரமும் ஆட வர்றீங்களா சார்?"

சார் திரும்பி டீச்சரைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அறிமுகமான ஒருவரிடம் கேட்கிற கூச்சத்தோடு கேட்டார்.

"ஏனுங்க, நீங்க வருவீங்களா? நீங்க வந்தா நானும் வர்றேன்."

"வர்றேனுங்க" என்றார் டீச்சர்.